அவள் பார்க்காத உங்கள் முகம்

என் தர்ஷினி அப்பாவுக்கு,

இந்தப் பெயரில் உங்களை யாரும் கூப்பிட்டதே இல்லை, இல்லையா? பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இனிமேல் நான் இப்படித்தான் கூப்பிடுவேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை உங்களைப் போலவே பிறந்தாள். நெற்றி, கன்னம், முதுகு என்று உடம்பெல்லாம் கருகருவென்று முடி. பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். யாழ்ப்பாணத்து டாக்டரம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இது நோய் வருத்தம் இல்லையம்மா, பரம்பரையா வாறது. மருந்தெண்டு ஒண்டும் இல்லை. பிள்ளை நல்ல சுகமா இருக்கிறா."

யார் பரம்பரை என்று எனக்குத் தெரியும், உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அப்புத்தளையில் வேறு யாருக்குத் தெரியும்? சின்ன வயதிலேயே மடுல்சீமையிலிருந்து உங்களை இங்கே கூட்டிவந்து, தினமும் முகம் முழுக்க மழித்துவிட்டு வளர்த்த மனுஷி ஆயிற்றே. "அவருக்கும் இப்படித்தான்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மாமி" என்று கெஞ்சினேன். "ஏம் மகனுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ மாசமா இருக்கறப்ப கெரகணத்தன்னிக்கு வெளிய போன, அதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் அதையே நம்புகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என்னைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளை என்ன பாவம் செய்தாள்?

இந்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். முதல் வாரமே கரடி என்று பேர் வைத்துவிட்டார்கள், கட்டையில போறவர்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் யாரு மாதிரி?" என்று கேட்டாள்.

"அப்பா மாதிரிடி தங்கம்."

சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தைக் காட்டினாள். "பொய் சொல்ற. அப்பா மூஞ்சி வழுவழுன்னு இருக்கு, பாரு."

இருப்பது அந்த ஒரே படம், கல்யாணத்தன்று எடுத்தது. சவப்பெட்டியில் வைக்கும் முன்புகூட உங்கள் அம்மா உங்களுக்குச் சவரம் செய்யவைத்தார். ஒரு தடவை காய்ச்சலில் படுத்தபோது முகமெல்லாம் முடி வளர்ந்து, "என்னையப் பாக்காத" என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் விலக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தீர்கள், ராசா. அந்த முகத்தை எங்கிருந்து எடுத்து அவளுக்குக் காட்டுவேன்?

போன ஞாயிற்றுக்கிழமை துணி அலசிவிட்டு வந்தால், பிள்ளை கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கையில் பிளேடு. கன்னத்து முடியெல்லாம் ரத்தத்தில் ஒட்டிக்கிடக்கிறது. "என்னடி செஞ்ச?" என்று கத்தினேன். அழக்கூட இல்லை அவள். "அப்பா மாதிரி ஆகப் போறேன்" என்றாள்.

உங்கள் அம்மா ஓடிவந்து சேலைத் தலைப்பால் காயத்தை அழுத்திப் பிடித்தார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிளேடு நீ தொடாத சாமி, பாட்டி நோகாம எடுத்துவிடுறேன்" என்றார். உங்களைத் தினமும் மழித்துவிட்ட அதே கை. அந்தக் கையைப் பார்த்தபிறகு அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் வேறு எதுவும் தெரியாதுதானே?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். விவரம் தெரிந்து, அவளாகவே வேண்டும் என்று கேட்கும் வயது வரும்வரை, யார் வந்து நின்றாலும் அவள் முகத்தில் பிளேடு பட விடமாட்டேன். அதற்குமேல் என்னால் என்ன முடியும்? நான் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாளே.

என் கனவில் நீங்கள் வந்ததெல்லாம் போதுங்க. ஒரே ஒரு தடவை பிள்ளை கனவில் வாங்க. சவரம் பண்ணாமல் வாங்க.

உங்கள் சம்சாரம்,
தர்ஷினியின் அம்மா