சுண்ணாம்பு அம்புகள்

அன்பு மகள் வாண்டுக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போய், சுகமாக இருக்கிறாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் சுகம். அப்பாவைப் பற்றி ஒரு வரியில் எழுத வரவில்லை, அதனால்தான் டீக்கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குள்ளே போனதைவிடப் பள்ளிக்கூடத்து வழியாகப் போனதுதான் அதிகம், உனக்கே தெரியும், தப்பு இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நம்ப மாட்டேன் என்கிறாய். உன் குரலைக் கேட்டதும் அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, நல்லா இருக்கேன், வேலை எப்படி, சாப்பிட்டியா, உடம்பைப் பாத்துக்கோ என்று நாலு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லிவிட்டு என்னிடம் போனைத் தந்துவிடுகிறார். நீயும் அப்பா நல்லாத்தானே பேசறார், நீதான் சும்மா பயப்படறே என்கிறாய். அடுத்த முறை ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்டுப் பார், நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் டவுன் சைக்கிள்காரர்கள் நம் மலைப்பக்கம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு வருவார்களே, அது போன வாரம் நடந்தது. அதே தோலோடு ஒட்டின கால்சட்டை, அதே கூட்டம். அவர்களுடைய தலைவருக்கு இந்த வருடம் தொப்பை வந்துவிட்டது, கால்சட்டைக்கு அது தெரியவில்லை. வழக்கம்போல முந்தின நாள் உன் அப்பா சைக்கிள் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு, சைக்கிள் கைப்பிடியில் சுண்ணாம்பு வாளியை மாட்டிக்கொண்டு, பாதை பிரிகிற இடத்தில் எல்லாம் தரையில் அம்பு போடக் கிளம்பினார். பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே போதும், மழை பெய்தால் தானாகக் கரைந்துவிடும், ரோட்டுக்கு எதற்கு நிரந்தரமாகப் பொட்டு என்பார், ஞாபகம் இருக்கிறதா? நீயும் குட்டி சைக்கிளில் பின்னாலேயே போய் முட்டி வரைக்கும் வெள்ளையாகத் திரும்பி வருவாய். தலைவர் இந்த முறை ஒரு வரைபடம் கொடுத்தார், ஏரியைச் சுற்றி, தைல மரத் தோப்பு வழியாக ஏறி, மாமியார் ஏற்றம் தாண்டி, கடைசியில் நம் டீக்கடையில் வந்து முடிகிற மாதிரி. அப்பா அதை மடித்து என் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார். இந்த மலையில எனக்குப் படம் வேணுமா, என் முட்டியைக் கேட்டாலே சொல்லும் என்றார். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். மாமியார் ஏற்றத்துக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தானே, முடிந்துவிட்டது என்று மூச்சு விடும்போது அடுத்தது ஆரம்பிக்கும் என்று. என் மாமியார் அதற்காக அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மறுநாள் காலையிலேயே பாலைக் காய்ச்சி, வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாகத் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். வெயில் ஏறுகிறது, ஒரு சக்கரத்தையும் காணோம். டீ கசந்து போய் இரண்டு தடவை கீழே ஊற்றினேன். அப்புறம் பால்காரத் தம்பி வண்டியில் வேகமாக வந்து, அக்கா, உங்க வீட்டுக்காரர் மொத்தக் கூட்டத்தையும் கீழே பஸ் நிறுத்தத்துல நிக்க வச்சிருக்கார் என்றான். அவன் வண்டியிலேயே ஏறிப் போனேன். நீ ஊரைவிட்டுப் போன அன்றைக்குப் பெட்டியோடு நின்றாயே, அந்தத் தகரக் கொட்டகைதான். அதற்குக் கீழே வேர்த்து விறுவிறுத்து அத்தனை பேரும். சிலர் ரோட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எந்தப் பிரிவில் பார்த்தாலும் அம்பு அங்கேதான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. ஏரிப்பக்கம் வந்தவனும் அங்கே, தோப்புப்பக்கம் வந்தவனும் அங்கே. உன் அப்பா மட்டும் தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து ஹெல்மெட்டுக்குள்ளே முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, "இத்தனை பேர் வந்துட்டாங்க, வாண்டு மட்டும் இன்னும் வரலையே" என்றார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள். "பின்னாடி வந்துட்டிருக்காப்பா, ஏத்தத்துல கொஞ்சம் மெதுவா வர்றா" என்றாள். அப்பா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அவ எப்பவும் அப்படித்தான்மா, மாமியார் ஏத்தத்துல இறங்கித் தள்ளிட்டுத்தான் வருவா" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைவர் எல்லோரையும் மெல்ல மேலே கடைக்கு அனுப்பிவைத்தார். அன்றைக்கு யார் டீ குடித்தார்கள், யார் குடிக்கவில்லை, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனுஷர், பூசி மெழுகவில்லை. இது நிற்காதும்மா, கீழேதான் போகும், எவ்வளவு வேகமாக என்றுதான் தெரியாது என்றார். இறக்கத்தில் பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரியா என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. வாளியை வெந்நீர் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், எடுத்துவிட்டார். வீட்டுச் சாவி இருக்கிற இடம் தெரிய மாட்டேன் என்கிறது, இது மட்டும் தெரிகிறது. இப்போது தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போய், அங்கிருந்து நம் வீடு வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் அம்பைப் புதுப்பித்துவிட்டு வருகிறார். எதற்கு என்று கேட்டால், போய் ரொம்ப நாளாச்சு, பிள்ளைக்கு வழி மறந்திருக்கும் என்கிறார். முந்தாநாள் இருட்டியும் வரவில்லை. நான் டார்ச்சோடு பாதி தூரம் போனபோது எதிரே வந்தார். வழி தெரியாமல் நின்றாராம், தரையில் அம்பு இருந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். யாரோ நல்லா போட்டிருக்கான், கோணல் இல்லாம என்று மெச்சிக்கொண்டார்.

இன்னொன்று கேள். நேற்று கடையில் வந்து உட்கார்ந்து டீ கேட்டார். குடித்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கும்மா என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் டீயை நல்லா இருக்கு என்று அந்த வாய் சொன்னதில்லை. ஒரு நொடி பூரித்துப் போய்விட்டேன். அப்புறம் அவர் சட்டைப் பையைத் தடவி, எவ்வளவு ஆச்சும்மா என்று கேட்டபோதுதான் புரிந்தது. உள்ளே போய் அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுதேன். நம் அடுப்பு கேஸ் அடுப்பு என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நீயும் சிரித்துக்கொள்.

உன் வேலை, லீவு, டிக்கெட் விலை எல்லாம் எனக்குத் தெரியும், உன்மேல் கோபமே இல்லை. இந்த மலையைத் தாண்டிப் போ என்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர்களே நாங்கள்தானே. ஆனால் என்னை மறந்தவர் உன்னை இன்னும் மறக்கவில்லையடி. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், அது கிடக்கட்டும். அந்த நினைப்பு எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியாது. எதிர் மலையில் மேகம் இறங்க ஆரம்பித்திருக்கிறது. மழைக்கு முன்னால் வந்துவிடு. சொல்லாமல் வந்தாலும் சரி, வழி கேட்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்து நடந்தால் போதும்.

எங்கே இருந்தாலும் உன் உடம்பும் மனசும் கெட்டிப்பட்டு இருக்கவேண்டும், நினைத்தது நடக்கவேண்டும், இது எங்கள் இருவர் ஆசீர்வாதமும். அவருக்கும் சேர்த்து நானே எழுதிவிட்டேன். சாயங்கால பஸ்ஸில் வா, அப்போது அவர் அங்கே நிற்பார். உன்னையே பார்த்து நீ யாரும்மா என்று கேட்டாலும் கேட்பார், அந்த இடத்தில் உடைந்துவிடாதே. ஏத்தத்துல இறங்கித் தள்ளிட்டு வந்தேன்பா, அதான் லேட்டு என்று மட்டும் சொல். மீதியை அவர் சொல்வார்.

இப்படிக்கு,
உன் டீக்கடை அம்மா