ஆற்று ஈக்கு ஒரு பெயர்

லிவர்பூல்
4.2.1996

அன்புள்ள ஐறீன் அக்காவுக்கு,

நம் மேல்மாடியில் குடியிருக்கும் பழனிமுத்து என் ஆராய்ச்சிக்கு அனுப்பிய புழுப் போத்தல்கள் உடையாமல் வந்து சேர்ந்தன. கம்பஸில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இப்போதும் எனக்காகத் தண்ணீரில் இறங்குகிறான். இந்தக் கறுப்பு ஈக்கள் பறக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான். ஆற்றுக் கல்லில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுவின் மூச்சு நூல்களை எண்ணினால்தான் இனம் பிரிக்கலாம். மஸ்கெலியா ஆற்றில் எடுத்த போத்தலில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று இருக்கிறது! அது வேறு எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தெரியவேண்டும். தேடவேண்டிய இடங்களை ஒரு மேப்பில் சிவப்பு மையால் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து லீவில் அவனை ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்ததை ரீவியில் பார்த்தேன். எல்லாரும் கவனம்.

உங்கள் தம்பி
றேமண்ட்

கொட்டாஞ்சேனை
19.4.1996

தம்பி,

பழனிமுத்துவைப் பிடித்துவிட்டார்கள். உனக்கு எடுத்த ரெலிபோன் கோல் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அணைக்குப் பக்கத்துச் செக்பொயின்ரில் பையைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஸ்பிரிட் போத்தல்கள், உன் மேப். பாலம், அணை எல்லாவற்றின் பக்கத்திலும் சிவப்புப் புள்ளி. "ஈ புடிக்க வந்தேன்" என்றானாம். யார் நம்புவார்கள்?

நேற்று பொலிஸ் அவனை ஜீப்பில் நம் வாசலுக்குக் கொண்டுவந்தது. முகம் வீங்கிப்போயிருந்தது. மேப் யாருடையது என்று என்னிடம் கேட்டார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "பொலிஸ் மாத்தயா, வாடகைக்கு இருக்கிற ஆள். வேற ஒண்டும் எங்களுக்குத் தெரியாது" என்றேன். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள், றேமண்ட். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி உடனே பேக்ஸ் பண்ணு.

ஐறீன்

லிவர்பூல்
30.4.1996

அக்கா,

பேராசிரியரின் கடிதத்தை இன்று காலை பேக்ஸ் பண்ணிவிட்டேன்.

உங்களில் பிழையில்லை. அணையடிக்கு அவன் போயிருக்கவே தேவையில்லை; கீழேயுள்ள ஓடைகளே போதும். புது இனம் அங்கேயும் கிடைத்தால் என் ஆராய்ச்சி பெரிதாகும் என்ற ஆசையில் குறித்தேன். அங்கே இருந்திருந்தால் அந்த மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறியிருப்பேனா? அவனை ஏற்றினேன்.

அவன் வெளியே வந்ததும் சொல்லுங்கள்: அந்த ஈக்கு அவன் பெயரைத்தான் வைக்கப்போகிறேன். உலகமெல்லாம் அதை அந்தப் பெயரில்தான் அறியும். என்னால் வேறு என்ன செய்யமுடியும்?

றேமண்ட்

கொட்டாஞ்சேனை
2.6.1996

அன்புள்ள தம்பி,

பேக்ஸை எடுத்துக்கொண்டு லோயரோடு பொலிசுக்குப் போனேன். "அண்டைக்குப் பயத்தில பொய் சொன்னனான். மேப் என்ர தம்பியின்ர" என்றேன். என்னையும் அந்திவரை இருத்தி வைத்து விசாரித்தார்கள். அதற்குப் பிறகும் சில கிழமைகள் சென்றுதான் அவனை விட்டார்கள்.

வலது காது கேட்குதில்லை. தாய் பழனியம்மா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனா. புறப்படும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "புள்ளைங்க வீட்டுல இருந்தாங்கல்ல அக்கா, நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றான். அதற்குப் பதிலாக ஏசியிருக்கலாம்.

ஈக்குப் பெயர் வைக்கும் விஷயத்தையும், கேட்கிற காதுப் பக்கம் குனிந்து, இரண்டு தரம் சொன்னேன்.

"வேணாங்க அக்கா. எம் பேர இனிமே எந்தத் தாளுலயும் எழுத வேணாம்னு றேமண்டுகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

அக்கா
ஐறீன்