நாள் மட்டும் சொல்லுங்க

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்தில் லோரிப் பதிவு நிரலைக் கரியிங் முறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். புறப்படும் இடம், சேரும் இடம், நாள் – மூன்றையும் ஒருசேர வாங்கிய ஃபங்ஷன் இனி ஒவ்வொன்றாக வாங்கும். ஒன்றைக் கொடுத்தால் விடை வராது. அதை உள்ளே வைத்துக்கொண்டு மீதிக்குக் காத்திருக்கும் இன்னொரு ஃபங்ஷன்தான் வரும்.

சோதனைக்கு அசாம் ஜாவா, ரவாங் என்று போட்டேன். வேறு ஊர் தோன்றவில்லை. அப்பா போய் இரண்டு மாதம். அம்மா அசாம் ஜாவா வீட்டில் தனியாக.

மார்ச் 5

விடை வரவேண்டிய இடத்தில் ‘ஃபங்ஷன்’ என்றே வருகிறது. காலை முழுக்கப் பிழை தேடினேன். பக்கத்து மேசை ஷாமளா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “பிழையே இல்ல லா. நாள் எங்கடி கொடுத்த? அது பாவம், காத்துக்கிட்டு நிக்குது.”

மார்ச் 7, சனி

அசாம் ஜாவா போனோம். எங்கள் ரவாங் வீட்டில் தம்பி ஷர்வின் அம்மாவுக்காகத் தன் அறையைக் காலி செய்து, புதுக் கட்டிலும் போட்டுவிட்டான். அம்மாவின் சாமான்களை ஏற்றி வர லோரியும் பேசியாகிவிட்டது. “நாள் மட்டும் சொல்லுங்கம்மா” என்றேன். அம்மா வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்ல நாள் பாக்கணும்.” போன வாரமும் இதே பதில்.

காரில் ஷர்வின்: “அம்மாவுக்கு மனசு ஆறலக்கா. நாமளே ஒரு நாள் வச்சிடுவோம்.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

மார்ச் 10

பதினைந்தாம் தேதி என்று ஷர்வின் லோரிக்காரரிடம் சொல்லிவிட்டான்.

மார்ச் 11

பார்ஷியல் அப்ளிகேஷன் – சிலவற்றை முன்பே கொடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பிறகு கேட்பது. வசதிதான். ஆனால் உள்ளே வைத்த ஊரை அப்புறம் மாற்ற முடியாது. வேறு ஊர் வேண்டுமென்றால் முதல் ஃபங்ஷனுக்கே திரும்ப வேண்டும்.

அம்மா கையில் நாங்கள் மிச்சம் வைத்தது நாள் ஒன்றைத்தான். அதைத்தான் அவர் தராமல் வைத்திருந்தார். அதையும் பிடுங்கிவிட்டோமே.

மார்ச் 14, சனி

லோரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷர்வின் கத்தினான். “ஒத்த ஆளா விட்டுட்டு நிம்மதியா இருப்பியா நீ?”

இருக்க மாட்டேன். அதற்காக?

தனியாகத்தான் அசாம் ஜாவா போனேன். “நீங்க எங்கம்மா இருக்கணும்னு நினைக்கிறீங்க?”

என் முகத்தையே பார்த்தார். “இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?” வீட்டைக் கையால் காட்டி, “இங்கதான். அப்பா சட்டையக்கூட நான் இன்னும் எடுத்து மடிக்கல, துளசி.”

மார்ச் 22, ஞாயிறு

ஷர்வின் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டில் விரிப்பு கலையாமல் கிடக்கிறது.

மாலையில் அம்மா அவனைத்தான் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“கட்டில வித்துறாதடா. வருசப் பொறப்புக்கு மறுநாள் வரேன். ரெண்டு நாள் இருப்பேன்.”

நாங்கள் யாரும் நாள் கேட்கவில்லை.