பிரிண்டரின் முகவரி

நவம்பர் 4, நரின் நகரம்

வெளியே போனது ரொட்டி வாங்க மட்டும். பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் ஜோல்தோஷைத் தனியே விட மனமில்லை. நான் சொல்வது அவருக்குப் புரிகிறது. பதிலுக்கு வருவது ஒரே சொல்: “இல்ல.” ஆமாம் என்பதற்கும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி தரும் ரயீசா படங்களை அனுப்பியிருக்கிறார். “பெரிசா அச்செடுத்துச் சுவத்துல ஒட்டுங்க, பெர்மெத். வேணும்கிறத விரலால காட்டட்டும்” என்றார்.

பிரிண்டர் அசையவில்லை.

நவம்பர் 5

உதிரிப் பாகங்கள் வாங்கி இந்தக் கணினியை உருவாக்கியவர் அவர். அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டதும், பிரிண்டரை வைஃபையில் இணைத்ததும் அவர். எனக்கு அச்செடுக்கும் பொத்தானை அமுக்கத்தான் தெரியும். எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். யாரிடம் கேட்பது?

நவம்பர் 7

கொழுந்தன் பக்கித் பிஷ்கெக்கிலிருந்து பேசினான். “அதோட ஏன் அண்ணி மாரடிக்கிறீங்க? எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாம். நானே வர்றேன்.”

“உங்கண்ணன் உசிரோடதான் இருக்கார். அவரு கம்ப்யூட்டர அழிக்க நீ யாரு?”

போனை வைத்துவிட்டேன். பாவம், உதவத்தான் நினைத்தான்.

நவம்பர் 8

ஒன்று பிடிபட்டது. அவர் மருத்துவமனையில் இருந்தபோது இணைய இணைப்புக்காரர்கள் வைஃபை பெட்டியை மாற்றினார்கள். வைஃபை பெயரும் மாறிவிட்டது. பிரிண்டர் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது! அதன் சின்னத் திரையில் புதிய பெயரைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினேன். நீல விளக்கு நிலைத்து எரிந்தது.

ஆனாலும் அச்சு வரவில்லை. பிரிண்டரோடு தொடர்பில்லை என்கிறது கணினி. அழுதேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 9

பிரிண்டர் தன் இணைப்பு விவரத்தைத் தானே ஒரு தாளில் அச்சிட்டுத் தருமாம். எடுத்தேன். எண்ணும் புள்ளியுமாக, ஒன்றும் விளங்கவில்லை. மேசையில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால், சக்கர நாற்காலியோடு மேசையருகே இருக்கிறார். இடக்கை விரல் தாளில் ஓர் எண்ணின் மேல். பிறகு திரையில். மறுபடி தாளில்.

“என்னங்க, இதுவா?”

“இல்ல.” விரல் நகரவில்லை.

“இல்லன்னா இல்லையா, ஆமாவா? என்னைக் கொல்லாதீங்க!”

மேசையைத் தட்டினார். அப்போதுதான் பார்த்தேன். பிரிண்டரின் முகவரி எண் தாளில் 37 என்று முடிகிறது, கணினியில் 12 என்று. புதிய பெட்டி அதற்குப் புது எண் கொடுத்திருக்கிறது. கணினி பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய பதிவை நீக்கி, புதிய எண்ணில் பிரிண்டரைச் சேர்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கரகரவென்று தாளை இழுத்தது. தண்ணீர்க் கோப்பை வந்தது. அடுத்து, வலியில் முகம் சுளித்த ஒரு மனிதன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்ன நினைத்தாரோ.

நவம்பர் 10

எல்லாவற்றையும் ஒட்டினேன். ஒன்றைக் கிழித்துவிட்டார். மின்நிலையத்தில் பொறியாளராக இருந்தவர் — சுவரில் குழந்தைகளுக்கான படம். புரிகிறது.

நவம்பர் 13

படங்களை அவர் தொடவேயில்லை.

நவம்பர் 19

ஆட்டுக்கறி சூப் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார். நாற்காலியை உருட்டிக்கொண்டு சுவரருகே போய், உப்புப் படத்தில் விரலை வைத்தார்.

“டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார்.”

மறுபடி உப்பு.

“கிடையாதுன்னா கிடையாது.”

பலமாகத் தட்டினார்.

“தட்டுங்க, சுவரே விழட்டும்!”

சூப் ஆறும்வரை சண்டை போட்டோம். அவர் நோயில் விழுந்த பிறகு இதுதான் முதல் சண்டை. கடைசியில் ஒரு சிட்டிகை போட்டேன்.

இன்னும் ஒரு சிட்டிகை கேட்டார்.