அணைந்த மயில் படகு

கூட்டுக் களவாணிக்கு,

நேற்று ஏரியில் விளக்குப் படகுகள் ஊர்வலமாகப் போகும்போது நம் தெருவின் மயில் படகு மட்டும் அணைந்துபோனது. ‘இன்னாடா, உன் வேலதானே?’ என்று சுப்பராயன் மாமா என் சட்டையைப் பிடித்தார். போன வருஷம் படகுக்குள் தவளை விட்டவன் ஆயிற்றே நான்.

உன் அண்ணனின் ஷேர் ஆட்டோவிலிருந்து கழற்றிப் படகு விளக்குக்கு மாட்டிய பேட்டரிக்குச் சார்ஜ் போட மறந்தவன் நீ. ஆனால், ‘ஆமா மாமா, இவன்தான் ஒயர புடுங்கிட்டான்’ என்றாய். விளக்கு போனதற்கு நல்ல விளக்கம்.

படகை இருட்டாக்கியவன் மறுவருஷம் படகேறக் கூடாது என்பது ஊர் வழக்கம். என் இடத்தில் நீயே உட்கார். சார்ஜ் மட்டும் போட்டுவிடு.

அந்தத் தவளையைப் பிடித்துக் கொடுத்தது நீ. மாமா உலுக்கியபோதும் அதை நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
இன்னும் உன் பெயரைச் சொல்லாதவன்