உட்கார விடாத பெஞ்சு

கோகந்த்,
முசுக்கட்டைப் பழம் உதிரும் காலம்.

அன்புப் பேத்தி நஃபோசத்துக்கு,

உன் பாட்டி ஓய்ஷாகோன் மனசு நிறைந்த துஆவோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். தாஷ்கந்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஐந்தாவதோடு நின்றவள் கையெழுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

நீ படம் போட்டுக் கொடுத்த பூங்காவைத் திறந்துவிட்டார்கள். இதைப் போட்டது என் பேத்தி என்று ரொட்டிக்காரி வரைக்கும் சொல்லியாயிற்று. விளக்கு நல்ல வெளிச்சம். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. பிள்ளை வண்டி ஏறச் சரிவும் இருக்கிறது. ஆனால் பெண்களுக்கென்று நீ போட்ட பெஞ்சில் யாரும் உட்காரவில்லை, கண்ணு.

உன் தம்பி பெண்டாட்டி ஜுல்ஹுமோருக்கு ஏழாம் மாதம். தினமும் நடக்கணும், காற்றாட உட்காரணும் என்று டாக்டரம்மா சொன்னதால் கூட்டிப் போனேன். பெஞ்செல்லாம் நடைபாதையைப் பார்த்து இருக்கிறது. பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் மருமகள் எழுந்து குனிந்து சலாம் சொல்ல வேண்டாமா? தொழுகை விட்ட நேரம் வேறு. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "இதுக்கு வீட்ல துணி துவைக்கிறதே தேவல பாட்டி"ன்னுட்டாள். மற்ற மருமகள்களும் அதே கதைதான்.

இதைப் பார்த்த டீக்கடை எர்காஷ் நகராட்சிக்கே போய், "பொம்பளைங்கதான் வரலையே, அந்த இடத்தை எனக்குக் குடுங்க, உட்கார்ந்து டீ குடிக்க நாலு கட்டில் போட்டா ஆம்பளைங்களாவது உட்காருவாங்க"ன்னு கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

அதனால் நானே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தத் தெருவில் எனக்கு மூத்தவர் யார்? நரைத்த தாடியெல்லாம் நின்று எனக்குத்தானே சலாம் சொல்லணும்? சொன்னவனைச் சும்மா விடுவேனா! என் முழங்கால் வலி, அவன் பெண்டாட்டி பல்வலி, ரஷ்யாவுக்குப் போன மகன் பணம் அனுப்பினானா, எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினேன். எர்காஷே, "ஓய்ஷா அக்கா, உங்ககிட்ட மாட்டினா அஸர் தொழுகையே தவறிடும்"னு கும்பிடாத குறையாகச் சொன்னான். பிறகு பெரியவர்கள் எல்லாரும் பூங்காவைச் சுற்றிப் போகிற பின்பக்கப் பாதையைப் பிடித்துவிட்டார்கள். பெஞ்சு முழுக்க மருமகள்கள், ஒரே சிரிப்பு. அதிகாரி வந்தபோது உட்கார இடமில்லாமல் நின்றபடியே பேசினார். இந்த வருஷத்துக்கு இடம் தப்பியது.

நான் எத்தனை நாள் காவல் இருக்க முடியும்? குளிர் வந்தால் என் முழங்கால் சொன்னபடி கேட்காது. பெஞ்சை, அதற்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக் கொடு. முதுகுக்குப் பின்னால் போகிறவருக்கு யாரும் எழ வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்தே படத்தில் கோடு போட்டு அனுப்பாதே. வந்து, நீயே உட்கார்ந்து பார்த்துச் சொல்.

புருஷன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து நீ இந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. போன தடவை உன் அப்பாவைப் பார்க்கவும் ரயிலடிக்கே வரச் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அல்லாஹ் உன் வழியை லேசாக்கட்டும். வரும்போது இருட்டின பிறகு யார் கண்ணிலும் படாமல் வராதே, கண்ணு. பகல் வண்டியிலேயே வா.

உன் பாட்டி,
ஓய்ஷாகோன்