காசு சுண்ட மறுத்தவளுக்கு

என் அன்புச் சரசு,

இதை அனுப்ப முகவரி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். உனக்காக மட்டும் இல்லை, நம்மைப் பற்றிப் பேசியவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. போன வாரம் நிவித்திகல பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த இரண்டு பேர், பின்னால் நான் இருப்பது தெரியாமல், அந்த டீச்சரம்மா பந்தடித்துத்தானே செத்தார் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் எட்டி அவர்கள் தோளைத் தொட்டு, "அவ புற்றுநோயில செத்தா. பந்தடிச்ச காலத்துல நல்லா இருந்தா" என்றேன். இறங்கும்வரை அவர்கள் திரும்பவே இல்லை. நீயாக இருந்தால் இன்னும் சூடாக ஏதாவது சொல்லியிருப்பாய், இல்லையா?

உனக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் தூள் பதம் பார்க்கும் டீமேக்கர். நீ தோட்டப் பாடசாலையில் டீச்சர். எதிரில் நின்று ஆட ஆள் கிடைக்காத ஓர் உதவி மேனேஜர், அந்தச் சின்னத்துரைதான் என்னை டெனிஸுக்கு இழுத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை எடுத்த பிறகு அவர் மாற்றலாகிப் போனார். போகும்போது இரண்டு பழைய ராக்கெட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இருந்த பங்களாவைப் பூட்டிவிட்டார்கள், அதன் டெனிஸ் கோர்ட்டில் மானாப்புல் இடுப்பளவு வளர்ந்தது. நீ அந்த ராக்கெட்டுகளை நம் வீட்டுச் சுவரில் பார்த்துவிட்டு, "ஏங்க, ரெண்டு இருக்கே, இன்னொன்னு யாருக்கு?" என்று கேட்டாய்.

பெரிய துரையிடம் கேட்டு, புல்லை நாமே வெட்டினோம். காலெல்லாம் அட்டை. வலை வாங்க வழியில்லாமல் பழைய கொழுந்துச் சாக்குகளைத் தைத்துக் கட்டினோம். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நீ என்னைத் தோற்கடிக்கத் தொடங்கிவிட்டாய். எனக்கு அதில் வெட்கமே இல்லை. வெட்கப்பட்டதெல்லாம் பெக்டரியில் இருந்த மற்றவர்கள்தான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடியவள் சல்வாருக்கு மாறினாய், பிறகு தடகளக் காற்சட்டைக்கு. அதைக் கேள்விப்பட்டு உன் அண்ணன் கித்துல்கலயிலிருந்து புறப்பட்டு வந்தார். புள்ளைக்குட்டிக்காரி இப்படி ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அரை மணி நேரம் பேசினார். நீ தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்கண்ணே, டபுள்ஸ் ஆடலாம்" என்றாய். அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

பிறகு இரத்தினபுரி கிளப்பில் பெண்கள் ஒற்றையர் போட்டிக்குப் பெயர் கொடுத்தாய். முதல் ஆட்டமே டவுனில் பெயர் பெற்ற ஒரு சட்டத்தரணி அம்மாவுடன். நெடுநெடுவென்று உயரம். கொழும்பில் முறையாகப் பழகியவர், அவருடைய வலக்கை அடி இடி மாதிரி விழும். ஆனாலும் நீ ஈடுகொடுத்தாய். அப்போதுதான் கூட்டத்தில் ஒருவன், "மேக தே தளு கடன வெடக் நெவெய்" என்றான். இது கொழுந்து பறிக்கிற வேலை இல்லையாம். உனக்குத்தான் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாயிற்றே. அதன் பிறகு சர்வ் எல்லாம் வலையில். கண்மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: "அவன் பேசுனதால நான் தோக்கலங்க. அவன் பேசுனத அடுத்த பந்து வரைக்கும் தூக்கிட்டுப் போனேன் பாருங்க, அதால தோத்தேன்."

அன்று முதல் நீ ஆட்டத்தைவிட, ஆட்டத்துக்கு நடுவில் வரும் இடைவெளியைத்தான் அதிகம் பழகினாய். ஒரு பந்து முடிந்ததும் வலைக்கு முதுகைக் காட்டி நிற்பாய். ராக்கெட் நரம்பை விரலால் நேராக்கிக்கொண்டே மூச்சை நீளமாக விடுவாய். சர்வ் எங்கே போட வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்வாய். கோட்டுக்கு வந்த பிறகு அந்த முடிவை மாற்றவே மாட்டாய். நான் வேண்டுமென்றே பின்னாலிருந்து சிங்களத்திலும் தமிழிலும் சீண்டுவேன். முதலில் முறைத்தாய், பிறகு சிரித்தாய், கடைசியில் உனக்குக் காதிலேயே விழவில்லை.

பிறகு முழங்கை வலி வந்தது. கரும்பலகையில் எழுதவும் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவும் முடியவில்லை. முதலில் பார்த்த டொக்டர், இந்த வயதில் இதெல்லாம் தேவையா, நிறுத்திவிடுங்கள் என்றார். நீ நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, நேராகப் பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸிடம் போனாய். நிறுத்தச் சொல்வதற்கு ஒரு டொக்டர் எதற்கு என்று என்னிடம் கேட்டாய்.

அந்த மிஸ் சொன்னதைப் பிசகாமல் செய்தாய். சில வாரம் ராக்கெட்டைத் தொடவே இல்லை. மீன்காரரிடம் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி முழங்கையில் வைத்தாய். தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பிடித்துக்கொண்டு, முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்குவாய். ஏற்றுவதற்கு மறு கை உதவும். இறக்குவதுதான் மருந்து என்று எனக்குப் பாடம் நடத்தினாய். ராக்கெட் பிடி உன் கைக்குச் சிறியது என்று தெரிந்ததும் பழைய துணிப்பட்டியைச் சுற்றிப் பருமனாக்கினோம். நரம்பையும் தளர்த்திக் கட்டினோம்.

வலியில் இரண்டு சாதி உண்டு என்பாய். ஒன்று, உடம்பு சூடானால் அடங்கிவிடும். அதோடு பேசிக்கொண்டே ஆடலாம். இன்னொன்று, அடிக்க அடிக்கக் கூடும். அதற்கு மரியாதை கொடுத்து நிறுத்த வேண்டும். வீம்புக்கு ஆடுகிறாள் என்று உன்னைச் சொன்னவர்களுக்கு இது தெரியாது. உன்னைப் போல நிதானமாக வீம்பு பிடிக்கிறவளை நான் பார்த்ததே இல்லை.

திரும்ப ஆட வந்தபோது உன் கையில் பழைய வேகம் இல்லை. அதனால் திட்டத்தை மாற்றினாய். கோட்டு ஓரத்துக்கு அடித்து மினுக்குவதை விட்டாய். பந்தை மூலைக்கு மூலை குறுக்காகவே அனுப்பினாய். வலை நடுவில்தான் தாழ்வு, குறுக்கேதான் தூரம் அதிகம், பிழைக்கு இடம் இருக்கிறது என்பாய். சிக்கலில் மாட்டினால் உயரமாக, ஆழமாக, நடுவில். "அவங்களுக்கு இன்னும் ஒரு பந்து குடுப்போம். அடிச்சுக் களைக்கட்டும்" என்பாய்.

இப்படியே ஓர் ஆண்டு இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டாய். எதிரில் அதே சட்டத்தரணி அம்மா. முதல் செட் அவருக்கு. இரண்டாவதில் நீ அவருடைய இடக்கைப் பக்கமே தோள் உயரத்துக்குப் பந்தை எழுப்பிக்கொண்டிருந்தாய். ஒரே அடியில் முடிக்கப் பார்த்தவர் வலையிலும் வெளியிலுமாக அடித்தார். செட் உனக்கு. மூன்றாவது தொடங்கும்போது இரத்தினபுரி மழை கொட்டத் தொடங்கியது. அதைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கோர்ட் குளமாகிவிட்டது. கிண்ணம் கொடுக்க வந்த பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் சங்கடப்பட்டுக்கொண்டே வந்து, காசு சுண்டிப் பார்த்து முடித்துவிடலாமா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். நனைந்த கோழி மாதிரி நின்ற நீ, சிங்களத்தில் தெளிவாக, காசு விழுகிற பக்கத்துக்குக் கிண்ணம் வாங்க நான் இவ்வளவு நாள் பழகவில்லை என்றாய். சட்டத்தரணி அம்மா ராக்கெட்டை உறையில் போட்டுக்கொண்டே, டீச்சர் சொல்வது சரி, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார்.

அடுத்த ஞாயிறு வெயில். ஆட்டத்தின் பாதியில் உன் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது, இது கூடுகிற சாதி வலி. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். நீ மூச்சை விட்டாய், கோட்டுக்கு வந்தாய், தோளுக்கு மேல் கையைத் தூக்காமல் இடுப்புக்குக் கீழிருந்து சர்வ் போட்டாய். கூட்டம் சிரித்தது. நடுவர், சட்டத்தில் இடம் இருக்கிறது என்று அறிவித்தார். அந்த மெதுவான பந்து வலையைத் தாண்டியதும் செத்து விழுந்தது. சட்டத்தரணி அம்மா ஓடி வந்தும் எட்டவில்லை. மறுபடியும் அதே. சிரித்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.

ஆனாலும் தோற்றாய். கடைசி கேம் அவருக்குப் போனது. நல்லா ஆடினீங்க டீச்சர், தோற்றாலும் வெற்றிதான் என்று ஆளுக்கு ஆள் சொல்ல வந்தார்கள். நீ எல்லோரிடமும் ஒரே பதில் சொன்னாய்: "இல்ல, தோத்துட்டேன். என் கையாலயே தோத்தேன். அது போதும்." வீட்டுக்கு வந்து கையில் ஐஸை வைத்துக்கொண்டு, அந்தக் கீழ்க்கை சர்வ்வை நினைத்து நினைத்துச் சிரித்தாயே, அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு எங்கே கேட்பேன்?

சில வருஷத்தில் மார்பில் கட்டி வந்தது. பந்து பட்டுத்தான் வந்தது என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. அது தொழிலாளர் லயத்துக்குப் போய், பெக்டரிக்குப் போய், உன் சொந்தக்காரர்களுக்கும் போனது. ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் எல்லோர் முன்னாலும் நீயே கேட்டாய். பந்து பட்டால் புற்றுநோய் வராது, ஓடியாடிய உடம்பாக இருந்ததால்தான் மருந்தை இவ்வளவாவது தாங்குகிறீர்கள் என்றார். கேட்டவர்கள் காதில் விழுந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

கடைசி மாதங்களில் வலி எலும்புக்குள் போனது. உன் அத்தை கட்டிலருகில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள், அந்த மருந்துக்குப் பழகினால் விடாது என்றாள். நீ, "பொறுத்துக்கிட்டா யாராவது கப் குடுப்பாங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டு, தாதியைக் கூப்பிட்டு மோர்பினை நேரத்துக்குத் தரச் சொன்னாய். அதனால்தான் நம் மகளோடு பேசிச் சிரிக்க உனக்கு அந்த நாட்கள் கிடைத்தன. வலியைக் குறைக்கக் கேட்பது கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்கட்டும்.

சாவு வீட்டுக்குச் சட்டத்தரணி அம்மா வந்தார். பாயில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சரிடம் ஜெயித்த அன்றுதான் தான் ஆகவும் களைத்துப்போனதாகச் சிங்களத்தில் சொன்னார். அவர் கண்ணைத் துடைத்தபோது, பந்துக் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

இப்போது என் கதை. யுத்தம் முடிந்துவிட்டது. டவுனுக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து ராக்கெட்டைக் காட்டும் வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதாம். தினமும் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்து எழும்புகிறேன். மேட்டில் ஏறும்போது வலிக்கிறது, ஆடும்போது அவ்வளவாக இல்லை. மகள் கொழும்புக்கு வந்துவிடச் சொல்லிப் போன் எடுக்கிறாள். அங்கே பேரப்பிள்ளையோடு இருங்கள், தனியாகக் கிடந்து விழுந்து தொலைக்காதீர்கள் என்கிறாள். முழங்கால் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன், ஆட்கள் சொல்லி நிறுத்தமாட்டேன் என்றேன். அம்மா மாதிரியே பேசாதீங்கப்பா என்று வைத்துவிட்டாள்.

நேற்று கிளப்புக்குப் போனேன், இந்த ஆண்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க. செயலாளர் புதியவர், சிறு வயது, நல்ல பையன். என் தலைமயிரைப் பார்த்துவிட்டு, அங்கிள் வெட்டரன்ஸ் டபுள்ஸ்தானே, உங்கள் பாட்னர் யார் என்று கேட்டான். இல்லை, சிங்கிள்ஸ் என்றேன். அவன் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"தனியமத அங்கிள்?"

தனியாகவா என்று கேட்கிறான், சரசு. வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டு, ஒரு கோப்பை என்பது அவனுக்குத் தெரியாதுதானே. அவன் ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டான்.

"ஒவ் புத்தே, தனியம" என்றேன், ஆமாம் மகனே, தனியாகத்தான் என்று. எழுதிக்கொண்டான்.

ஞாயிறு காலை இறங்குகிறேன். எதிரில் யார் என்று இன்னும் தெரியாது. யாராக இருந்தாலும் சும்மா விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜெயித்தேனா தோற்றேனா என்பதை, மழுப்பாமல், உள்ளபடியே உன்னிடம் வந்து சொல்வேன். இது சத்தியம்.

எப்போதும் உன் வீட்டுக்காரன்,
மகாலிங்கம்